இருபத்துநான்கு வெற்றுத் தாள்களும் எட்டு வேற்றுமைகளும்

ஒரு பொருளை எண்ணிவிட்டால் அது பத்திரமாக இருக்கும் என்று நம்புகிறவர்கள் உலகில் தனி இனம். அந்த இனத்தின் மூத்த உறுப்பினர்களில் நானும் ஒருவன். பேருந்தில் ஏறும்போது பைகளை எண்ணுவேன், இறங்கும்போது எண்ணுவேன், நடுவில் சந்தேகம் வந்தாலும் எண்ணுவேன் (நடுவில் சந்தேகம் வராத பயணம் எனக்கு இதுவரை வாய்க்கவில்லை). கொடியில் துணி காய்ந்தால் துணிகளோடு கிளிப்புகளையும் எண்ணுவேன். திருமணப் பந்தியில் உட்கார்ந்தால் இலையில் எத்தனை வகை விழுந்திருக்கிறது என்று எண்ணிய பிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்கும். வயதாகிவிட்டதால் வந்த பழக்கம் என்று இப்போது எல்லோரும் பெருந்தன்மையாகச் சொல்கிறார்கள். இல்லை. முப்பத்தைந்து வயதிலும் இப்படித்தான் இருந்தேன். இன்னும் மோசமாக இருந்தேன் என்பதற்கு மைசூரில் ஓர் அரங்கம் நிறையச் சாட்சிகள் உண்டு.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மைசூரில் ஒரு மொழி ஆய்வு நிறுவனத்தில் தற்காலிக விரிவுரையாளராக இருந்தேன். வடநாட்டிலிருந்து பயிற்சிக்கு வரும் ஆசிரியர்களுக்குத் தமிழ் சொல்லிக் கொடுப்பதும், மிச்ச நேரத்தில் மொழியியல் ஆராய்வதும் வேலை. 'தற்காலிக' என்ற சொல் என் பெயருக்கு முன்னால் ஆறு வருடமாக நிரந்தரமாக ஒட்டிக்கொண்டிருந்தது.

இதை என் மாமனார் கவனித்துக்கொண்டே இருந்தார். அவருக்குக் கொள்ளேகாலில் பட்டுச் சேலைக் கடை. வியாபாரத்தில் கெட்டிக்காரர், மனிதரும் நல்லவர்தான், ஆனால் என் எதிர்காலத்தை என்னைவிடத் தெளிவாகப் பார்த்தார் என்பதுதான் எனக்குப் பிடிக்காத விஷயம். ஒருமுறை கடைக்குப் போயிருந்தபோது, பொழுது போகாமல் அலமாரியில் இருந்த சேலைகளை எண்ணி, இருப்பில் ஒன்று குறைகிறது என்று சொல்லித் தொலைத்தேன். தேடிப் பார்த்தார்கள். உண்மையிலேயே ஒன்று அலமாரிக்குப் பின்னால் விழுந்து கிடந்தது. அன்றிலிருந்து பிடித்தது சனி.

"மாப்ள, நீங்க எண்ற எண்ணத்துக்கு நம்ம கடைல உக்காந்தீங்கன்னா ஒரு முந்தானைகூட வெளிய போவாதுங்க. பேசாம இங்கயே வந்துருங்க."

"வேலை நிரந்தரம் ஆயிரும் மாமா."

"ஆறு வருசமா அதானுங்க சொல்றீங்க. நானும் கல்லாவுக்குப் பக்கத்துல நாக்காலி போட்டு வெச்சிருக்கறன்."

நாற்காலி என்று அவர் சொன்னது பேச்சுக்கு அல்ல. நிஜமாகவே போட்டிருந்தார். பச்சை ரெக்சின் தைத்தது. அதில் யாரையும் உட்கார விடமாட்டார். கடைக்கு வருகிறவர்களிடம் "அது எங்க மாப்ளைக்குங்க" என்பார். அந்தப் பச்சை நாற்காலி என் கனவில் வந்து, "எப்போ வர்றே?" என்று கேட்டிருக்கிறது.

கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். அந்த வருடம் நிரந்தர இடத்துக்கான நேர்காணல் நடக்க இருந்தது. கிடைக்கவில்லை என்றால் நானும் என் மனைவி சுகந்தியும் மண்டி மொஹல்லா வாடகை வீட்டைக் காலி செய்துகொண்டு கொள்ளேகால் போய்விட வேண்டும். சுகந்தி இரண்டு பக்கமும் சேராமல், "எங்க இருந்தாலும் நாந்தானுங்க சமைக்கோணும்" என்று சொல்லிவிட்டாள்.

நேர்காணலுக்கு முந்தைய வாரம் எங்கள் நிறுவனத்தில் ஒரு கருத்தரங்கு. தலைப்பு, இந்திய மொழிகளில் வேற்றுமை. தலைமை வகிக்க வந்தவர் கல்கத்தாவிலிருந்து ஒரு பேராசிரியை. கழுத்துச் சங்கிலியில் கண்ணாடி தொங்கும். பேச்சு பிடிக்காவிட்டால் பேனாவால் தண்ணீர்க் கோப்பையில் இரண்டு தட்டுத் தட்டுவார். பேசுகிறவர் அங்கேயே நிறுத்திவிட வேண்டும் என்று அர்த்தம். அந்த அம்மையார்தான் அடுத்த வாரம் தேர்வுக் குழுவிலும் உட்காரப்போகிறார்.

நான் உழைத்தேன். என் கட்டுரை முழுக்க முழுக்க எண்ணிக்கை. தமிழ் இலக்கணத்தில் எட்டு வேற்றுமை, பின்னிஷ் மொழியில் பதினைந்து, ஹங்கேரியனில் பதினெட்டு, அதற்கும் மேலே என்கிறவர்களும் உண்டு, ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுமே மிச்சமில்லை. எந்த மொழியில் எத்தனை உருபு, எந்த உருபுக்கு எத்தனை வடிவம், எல்லாவற்றுக்கும் அட்டவணை. இந்த அட்டவணைகளை எல்லாம் ஓவர்ஹெட் புரொஜெக்டரில் காட்டுவதற்காகக் கண்ணாடி ஷீட்டுகளில் நான்கு வண்ணப் பேனாவால் எழுதினேன். இருபத்துநான்கு ஷீட்டுகள். (கம்ப்யூட்டரில் படம் காட்டும் தலைமுறைக்கு ஒரு குறிப்பு: கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளில் கையால் எழுதி, விளக்குப் பெட்டியின் மேல் வைத்தால், எழுத்து திரையில் பெரிதாக விழும். அதுதான் அன்றைய விஞ்ஞானம்.)

எங்கள் நிறுவனத்தில் ஷீட்டுகளுக்கு எப்போதும் தட்டுப்பாடு. அதனால் தண்ணீரில் அழியும் பேனாவால்தான் எழுத வேண்டும் என்று விதி. பேசி முடித்தவர்கள் தங்கள் ஷீட்டுகளைத் தொழில்நுட்ப அறையில் இருக்கும் நீலத் தட்டில் போட்டுவிடுவார்கள். அந்த அறையின் பொறுப்பாளர் நஞ்சப்பா ஈரத் துணியால் துடைத்து, கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்து, அடுத்தவருக்குக் கொடுப்பார். ஆறு வருடமாக இந்த நடைமுறை எனக்கு மனப்பாடம். என் பழைய கட்டுரைகள் எல்லாம் அந்தத் தட்டு வழியாகத்தான் மோட்சம் போயிருந்தன.

அன்று காலையில் சீக்கிரமே போய், தொழில்நுட்ப அறையில் ஷீட்டுகளை உறையிலிருந்து வெளியே எடுத்து எண்ணினேன். இருபத்துநான்கு. நிம்மதி போதாமல் மறுபடி எண்ண ஆரம்பித்தபோது வாசலில் பரபரப்பு. பேராசிரியை வந்துவிட்டார், எல்லோரும் வரவேற்க வாருங்கள் என்று அழைத்தார்கள். தலைக்கு மேல் மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. மேசையில் வைத்தால் ஷீட்டுகள் பறந்துவிடும். பறந்தால் வரிசை கலையும், எண்ணிக்கை குறையும். நாலு பக்கமும் விளிம்பு உள்ள பாதுகாப்பான இடம் ஏதாவது உண்டா என்று பார்த்தேன். உண்டு. நீலத் தட்டு.

ஆமாம், நானே வைத்தேன். அடுக்கி, விளிம்பைத் தட்டிச் சமன் செய்து, மிகுந்த அக்கறையுடன் வைத்தேன்.

பேராசிரியைக்கு வணக்கம் சொல்லி, காபி குடித்து, மற்றவர்களின் பேச்சையும் கேட்டு முடித்து என் முறைக்கு முன்னால் ஓடிவந்தபோது, நஞ்சப்பா உறையைத் தயாராக நீட்டினார்.

"எல்லா ரெடி இதே சார். இப்பத்நால்கு. பேகாத்ரெ எணிஸ்கொள்ளி."

வேண்டுமானால் எண்ணிக்கொள்ளுங்கள் என்கிறார்! என்னிடம்! ஆறு வருடத்தில் என்னை இவ்வளவு சரியாகப் புரிந்துகொண்ட ஒரே சக ஊழியர் என்று நெகிழ்ந்துபோனேன். உறைக்குள் கட்டைவிரலை விட்டு, ஷீட்டுகளின் மூலையைப் புரட்டி எண்ணினேன். இருபத்துநான்கு. ஒன்றுகூடக் குறையவில்லை. அந்த நிமிடம் என் முகத்தில் இருந்த திருப்தியை யாராவது போட்டோ எடுத்திருந்தால், முட்டாள்தனம் என்ற சொல்லுக்கு அகராதியில் அதைப் படமாகப் போடலாம்.

மேடை ஏறினேன். அரங்கின் கடைசி வரிசையைப் பார்த்தால், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மடியில் குடை, என் மாமனார்! பக்கத்தில் சுகந்தி. சரக்கு எடுக்க மைசூர் வந்தவர், மாப்பிள்ளை செய்கிற வேலை என்னதான் என்று பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறார். விளக்கை அணைத்தார்கள். வெள்ளைத் திரை தெரிந்ததும் மாமனார் பக்கத்துச் சீட்டுக்காரரிடம் கேட்டது மேடை வரைக்கும் கேட்டது.

"ஏனுங்க, படம் எப்பப் போடுவாங்க?"

முதல் ஷீட்டை வைத்தேன். திரையில் வெளிச்சம் மட்டும் விழுந்தது. ஃபோகஸ் சரியில்லை என்று குமிழைத் திருகினேன். வெளிச்சம் கூர்மையாயிற்று. தலைகீழாக வைத்துவிட்டேனோ என்று திருப்பினேன் (வெற்றுத் தாளைத் தலைகீழாகத் திருப்பி வைத்துச் சரிபார்த்த மொழியியலாளன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்). இரண்டாவதை வைத்தேன். மூன்றாவதில் ஒரு மூலையில் மட்டும் சிவப்பாக ஒரு கீற்று மிஞ்சியிருந்தது. பின்னிஷ் மொழியின் பதினைந்து வேற்றுமைகளில் எஞ்சியது அவ்வளவுதான்.

பேராசிரியை கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். இன்னொரு கை பேனாவைத் தேடியது. என் கண்ணுக்குப் பச்சை ரெக்சின் தெரிந்தது.

எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. நடந்ததை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். அதோடு விடாமல், பதற்றத்தில் தமிழிலும் சொன்னேன்.

"நஞ்சப்பா என் ஷீட்டுகளை ஈரத் துணியால் துடைத்துவிட்டார்."

கொல்லென்று சிரிப்பு. சிரிப்பு அடங்கியபோது கவனித்தேன்: அரங்கில் இருந்த அத்தனை பேரும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். காலையிலிருந்து ராமன் மரத்தை வெட்டிக்கொண்டும், பூனை பாலைக் குடித்துக்கொண்டும் இருந்த எடுத்துக்காட்டு வாக்கியங்களில் யாருக்கும் அக்கறை இல்லை. இந்த வாக்கியத்தில் எல்லோருக்கும் அக்கறை இருந்தது. யார் துடைத்தார், யாருடையதை, எதனால், எங்கே வைத்து? எல்லோரும் தெரிந்துகொள்ளத் துடித்தார்கள். வேற்றுமை என்ற ஒன்று மொழியில் இருப்பதே இதற்காகத்தானே! நடந்த காரியத்தில் யாருக்கு என்ன பங்கு என்று சொல்ல. நான் மாதக்கணக்காக உருபுகளை எண்ணிக்கொண்டிருந்தேனே தவிர, அவை என்ன வேலை செய்கின்றன என்று பார்க்கவே இல்லை.

வெற்று ஷீட்டுகளை ஓரமாக வைத்தேன். (எண்ணவில்லை.)

"இந்த வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம்" என்றேன். "தமிழில் 'ஐ' ஷீட்டின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் சொற்களை எப்படிக் கலைத்துப் போட்டாலும் துடைக்கப்பட்டது ஷீட்டுதான், துடைத்தவர் நஞ்சப்பாதான். ஆங்கிலத்தில் அந்த ஒட்டு கிடையாது. எது எங்கே நிற்கிறது என்பதுதான் கணக்கு. இரண்டையும் இடம் மாற்றினால் ஷீட்டுகள் நஞ்சப்பாவைத் துடைத்துவிடும்."

சிரித்தார்கள். பேனாச் சத்தம் இன்னும் வரவில்லை.

"இந்தியில் யாராவது சொல்லுங்கள்."

என் வகுப்பில் தமிழ் படிக்கும் லக்னோ ஆசிரியர் ஒருவர் எழுந்து, "நஞ்சப்பா நே..." என்று ஆரம்பித்தார்.

"பார்த்தீர்களா, அந்த 'நே'! தமிழில் செய்தவன் வெறுமனே நிற்கிறான். இந்தியில் அவன் முதுகில் ஒரு முத்திரை. அதிலும் நியாயம் பாருங்கள். நஞ்சப்பா துடைத்துக்கொண்டிருக்கிற வரைக்கும் 'நே' கிடையாது. துடைத்து முடித்த பிறகுதான் முத்திரை விழும். குற்றம் நிரூபணமானால்தான்!"

இப்போது அரங்கமே அதிர்ந்தது. விளக்கு சுவிட்சுக்குப் பக்கத்தில் வாசலில் நின்றிருந்த நஞ்சப்பாவுக்குத் தன் பெயர் மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டது. ஏதோ விசாரணை நடக்கிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"நீலி ட்ரேல இத்ரெ ஒரெஸோதே சார்!" என்றார் உரக்க. நீலத் தட்டில் இருந்தால் துடைப்பதுதான் தன் வேலை என்று வாதம்.

"சரி நஞ்சப்பா, என்ன நடந்ததுன்னு கன்னடத்துல ஒரே வாக்கியத்துல சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார், பேராசிரியையைப் பார்த்தார், பிறகு மிகத் தெளிவாகச் சொன்னார்:

"ஷீட் க்ளீன் ஆய்து சார்."

ஷீட் சுத்தமாகிவிட்டது! துடைத்தவர் இல்லை, துணி இல்லை, தட்டு இல்லை. ஷீட் தானாகவே, தன் சொந்த முயற்சியால் சுத்தமாகிவிட்டது. மாட்டிக்கொள்ளப்போகிற மனிதன் வாக்கியத்திலிருந்து எப்படிக் கழன்று கொள்கிறான் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் எங்கே போய்த் தேடியிருப்பேன்? முன்வரிசையில் ஒருவர் சிரித்துக் கீழே விழப் பார்த்தார்.

கன்னடத்தில் துடைத்த துணிக்கும் '-இந்த' என்ற உருபுதான் (பட்டெயிந்த, துணியால்), எடுத்த தட்டுக்கும் அதே '-இந்த'தான் (ட்ரேயிந்த, தட்டிலிருந்து) என்று காட்டினேன். உருபு ஒன்று, வேலை இரண்டு. தமிழில் 'ஆல்' ஒன்று, 'இருந்து' வேறு. அப்படியானால் உருபுகளை எண்ணினால் வேற்றுமைகளை எண்ணியதாகிவிடுமா என்று கேட்டேன். ஆகாது என்று நானே சொன்னேன். என் இருபத்துநான்கு ஷீட்டுகளும் ஆகும் என்று சொல்லியிருந்தன. நல்லவேளை, அவை பேசும் நிலையில் இல்லை.

அப்போதுதான் பேராசிரியை வாயைத் திறந்தார். "நஞ்சப்பா எங்கே இருக்கிறார் என்று தெரிகிறது. இந்தக் கதையில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?"

"எனக்குப் பயமாக இருக்கிறது, அம்மா" என்று தமிழில் உளறிவிட்டு, ஆங்கிலத்தில் அர்த்தம் சொன்னேன். அது எடுத்துக்காட்டு அல்ல, சத்தியம். ஆனால் வாயிலிருந்து வந்ததும் விட்டுவிட மனம் வரவில்லை. "எனக்கு வியர்க்கிறது, எனக்குத் தலை சுற்றுகிறது. ஆங்கிலேயன் பயத்துக்குத் தானே எழுவாயாக நின்றுகொள்வான். நான் எதுவும் செய்யவில்லை, பயம்தான் எனக்கு வந்தது. எல்லாமே 'கு'. கன்னடத்தில் 'நனகே', இந்தியில் 'முஜே'. இந்தப் பக்கத்து மொழிகள் பலவற்றில் இப்படித்தான்."

"வங்காளியில் இல்லை" என்றார் அவர். "ஆமார் பய் கொர்ச்சே."

"என்னுடைய பயம்!" என்று கத்திவிட்டேன். "எங்களுக்குப் பயம் வந்துசேர்கிற பார்சல். உங்களுக்கு அது சொந்தச் சொத்து!"

அந்த அம்மையார் சிரித்தார். பேனாவைத் தண்ணீர்க் கோப்பையில் தட்டவில்லை. தாளில் எழுத ஆரம்பித்தார். நேரம் முடிந்ததற்கான மணியை அடிக்க ஒருவர் எழுந்தபோது, கையைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டார். அடுத்து மலையாளம், தெலுங்கு, மராத்தி, காஷ்மீரி என்று ஒவ்வொருவராக எழுந்து நஞ்சப்பாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்கள். முடிவில் விளிவேற்றுமையும் இருக்கட்டும் என்று வாசலைப் பார்த்து, "நஞ்சப்பா!" என்று கூப்பிட்டேன். "ஏனு சார்?" என்று பதில் வந்தது. கைதட்டல் எவ்வளவு நேரம் நீடித்தது என்று எனக்குத் தெரியாது. என் வாழ்க்கையில் நான் எண்ணத் தவறிய மிகச் சில விஷயங்களில் அது ஒன்று.

காபி இடைவேளையில் மாமனார் என்னை ஓரமாகக் கூட்டிப் போனார். முகம் கவலையாக இருந்தது.

"மாப்ள, எனக்கு ஒண்ணும் வெளங்கலீங்க. அந்தத் தாள்ல மொதல்ல எழுத்து இருந்துச்சுங்களா?"

"இருந்துச்சு மாமா. அழிஞ்சு போச்சு."

"மேடைக்குப் போறதுக்கு முன்னால பாக்கலீங்களா?"

"எண்ணினேன்."

"எண்ணுனீங்க. பாக்கலீங்களா?"

"எண்ணிக்கை சரியா இருந்துச்சு மாமா."

அவர் காபியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பல வருடமாகத் தேடிய பொருள் கையில் கிடைத்து, அது போலி என்று தெரிந்தவரின் பார்வை.

"மாப்ள, தப்பா நெனச்சுக்காதீங்க. நம்ம கடைக்கு நீங்க வேண்டாமுங்க."

"மாமா!"

"பட்டுச் சேலைய எடுத்துட்டு அதே எடத்துல எவனாச்சும் பழைய வேட்டிய மடிச்சு வெச்சாலும், நீங்க இருவத்திநாலு சரியா இருக்குதுன்னு சொல்லீருவீங்க. கடை ரெண்டு மாசந் தாங்காதுங்க."

சுகந்தி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. "அப்பா, அப்பறம் அந்த நாக்காலி?"

"அதுல நானே உக்காந்துக்கறேன் சாமி."

நேர்காணலில் பேராசிரியை என்னை ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "நஞ்சப்பா நலமா?" வேலை நிரந்தரமாயிற்று. ஆனால் மாமனார் கடைசிவரை இதை ஒப்புக்கொள்ளவில்லை. கொள்ளேகாலில் எந்தத் திருமணத்துக்குப் போனாலும், தான் வேண்டாம் என்று கழித்துவிட்டதால்தான் மாப்பிள்ளை வேறு வழியில்லாமல் சர்க்கார் வேலைக்குப் போனார் என்றே சொல்லிவந்தார். நஞ்சப்பாவோ பேராசிரியர்கள் எல்லோரும் தன் பெயரைச் சொல்லிப் பாடம் நடத்துவதாக ஊருக்குள் சொல்லிக்கொண்டார். அது முழுப் பொய்யும் அல்ல. எங்கள் நிறுவனத்தில் அதற்குப் பிறகு வேற்றுமைப் பாடம் என்றால் ராமனும் இல்லை, பூனையும் இல்லை, நஞ்சப்பாதான். நீலத் தட்டு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. நான் அதன் பக்கம் போனால் அவர் இரண்டு கையாலும் அதை மூடிக்கொள்வார்.

வீட்டில் நிலைமை வேறு. அன்றிலிருந்து நான் எதை எண்ணினாலும், "எண்ணுனீங்க, பாத்தீங்களா?" என்பதுதான் பதில். சுகந்தி ஆரம்பித்தாள், பிறகு மகள், பிறகு மருமகன். போன வருடம் ரயிலிலிருந்து ஐந்து பைகளைச் சரியாக எண்ணி இறக்கி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதில் ஒன்றைத் திறந்தால் முன்பின் தெரியாத ஒருவருடைய சட்டைகள். அதற்குப் பிறகு கேள்விகூடக் கேட்பதில்லை, வெறுமனே பார்க்கிறார்கள்.

சமீபத்தில் பேத்தி பிறந்தாள். நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். துணியை விலக்கி, கைவிரல்களை எண்ணினேன். பத்து. கால்விரல்களை எண்ணினேன். பத்து. சரியாக இருக்கிறது என்று அறிவித்தேன்.

சுகந்தி என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "எண்ணியாச்சுல்லீங்க? இப்பப் பாருங்க."

பார்த்தேன். அச்சு அசலாக மாமனார் மூக்கு.